நடுவயதில் எடை குறைவது பாதியில் நிற்பது ஏன்? அதை மறுபடி நகர்த்துவது எப்படி?

முதல் இரண்டு மாதம் எடை நன்றாக இறங்கும். அடுத்த இரண்டு மாதம் மெதுவாக இறங்கும். ஆறு, ஏழு மாதம் ஆகும்போது எடை மெஷின் அதே எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். சாப்பாட்டைக் கூட்டவில்லை, நடையை நிறுத்தவில்லை, ஆனாலும் எடை அசையவில்லை என்று சொல்பவர்களில் நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் நிறைய. அவர்களுக்குக் கிடைக்கும் விளக்கம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. "வயதானால் மெட்டபாலிசம் படுத்துவிடும்." "குறைவாகச் சாப்பிட்டதால் உடம்பு பட்டினி நிலைக்குப் போய்விட்டது." "மன உறுதி போதாது." முதல் இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, சொல்லப்படும் அளவுக்கு இல்லை. மூன்றாவது தவறு, கேட்பவரை வீணாகக் குற்ற உணர்வில் தள்ளுவதும் அதுதான்.

எடை நிற்கும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பது கடந்த பத்துப் பதினைந்து ஆண்டு ஆய்வுகளில் ஓரளவு தெளிவாகியிருக்கிறது. அது புரிந்தால் அடுத்து எதை மாற்ற வேண்டும், எதைத் தொடக் கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

எது தேக்கம், எது தேக்கம் இல்லை

உடம்பு ஒரு நாளில் செலவழிக்கும் ஆற்றலை நான்கு கணக்குகளாகப் பிரிக்கலாம்.

1. ஓய்வுச் செலவு. சும்மா படுத்திருந்தாலும் இதயம், மூளை, கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் இயங்க ஆகும் செலவு. பெரும்பாலோருக்கு மொத்தச் செலவில் 60 முதல் 70 சதவீதம் இதுதான். மெட்டபாலிசம் என்று பேச்சில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

2. செரிமானச் செலவு. சாப்பிட்டதைச் செரித்து, உறிஞ்சி, சேமிக்க ஆவது. ஏறக்குறைய 10 சதவீதம்.

3. உடற்பயிற்சி. நேரம் ஒதுக்கிச் செய்யும் நடை, ஓட்டம், நீச்சல், எடை தூக்குவது போன்றவை.

4. சில்லறை அசைவுகள். நிற்பது, மாடி ஏறுவது, வீட்டு வேலை, உட்கார்ந்த இடத்தில் காலை ஆட்டுவது வரை எல்லாம். ஆளுக்கு ஆள் மிக அதிகமாக வேறுபடுவது இந்தக் கணக்குதான்.

உள்ளே வரும் கலோரி இந்த நான்கின் கூட்டுத்தொகையைவிடக் குறைவாக இருந்தால் உடம்பு தன் சேமிப்பை எடுத்து ஈடுகட்டும், எடை குறையும். வரவும் செலவும் சமமாகிவிட்டால் எடை நிற்கும். அப்படிச் சமமான நிலைதான் எடைத் தேக்கம்.

ஆனால் எடை மெஷின் கொழுப்பை மட்டும் அளப்பதில்லை. தண்ணீர், குடலில் இருக்கும் உணவு, தசை எல்லாம் சேர்ந்த எண் அது. கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற வடிவில் மாவுச்சத்துச் சேமிப்பு இருக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். உணவைக் குறைத்த முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ இறங்குவதற்குப் பெரும்பாலும் இந்தச் சேமிப்பும் தண்ணீரும் கரைவதுதான் காரணம். இதே விஷயம் எதிர்த்திசையிலும் நடக்கும். உப்பு கூடிய ஒரு விருந்து, புதிதாகத் தொடங்கிய உடற்பயிற்சி, மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள், மலச்சிக்கல், எதுவானாலும் ஒன்றிரண்டு கிலோவைச் சில நாட்களுக்கு ஏற்றி வைக்கும். கீழே கொழுப்பு கரைந்துகொண்டிருந்தாலும் மேலே எண் அசையாது.

அதனால் பத்து நாள் எடை நின்றால் அதைத் தேக்கம் என்று சொல்ல முடியாது. தினமும் காலையில் ஒரே நேரத்தில் எடை பார்த்து, ஏழு நாள் சராசரி எடுத்து, அந்தச் சராசரி நான்கு வாரம் தொடர்ந்து அசையாமல், இடுப்புச் சுற்றளவும் மாறாமல் இருந்தால்தான் அது தேக்கம். இடுப்பு குறைந்துகொண்டே வந்து எடை மட்டும் நிற்கிறது என்றால் கொழுப்பு போய்க்கொண்டிருக்கிறது. எதையும் மாற்றத் தேவையில்லை.

வயதின் பங்கு எவ்வளவு?

நாற்பதைத் தாண்டினால் மெட்டபாலிசம் மெதுவாகிவிடும் என்பது எல்லோரும் நம்பும் விஷயம். 2021-இல் சயன்ஸ் இதழில் ஹெர்மன் பான்ட்சரும் அவரது குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இந்த நம்பிக்கையைப் புரட்டிப் போட்டது. பிறந்து எட்டு நாளான குழந்தை முதல் 95 வயது முதியவர் வரை, 29 நாடுகளைச் சேர்ந்த 6,400-க்கும் மேற்பட்டவர்களின் தினசரி ஆற்றல் செலவு அதில் தொகுக்கப்பட்டிருந்தது. உடலின் அளவையும் அதில் உள்ள தசை, உறுப்புகளின் எடையையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தால், 20 வயது முதல் 60 வயது வரை செலவு கிட்டத்தட்ட மாறவே இல்லை. அறுபதுக்குப் பிறகுதான் ஆண்டுக்கு ஏறக்குறைய 0.7 சதவீதம் என்று குறையத் தொடங்குகிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் பெண்களுக்குத் தனியாக ஒரு சரிவும் தெரியவில்லை.

அப்படியானால் நாற்பத்தெட்டில் கஷ்டம் கூடுவது வெறும் மனப்பிரமையா? இல்லை. அந்த ஆய்வு தசையின் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகு சொன்னது அது. நடுவயதில் அந்தத் தசையே மாறுகிறது. முப்பதுக்குப் பிறகு, எடை தூக்கும் பயிற்சி எதுவும் இல்லாவிட்டால், பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறையலாம் என்பது பொதுவான மதிப்பீடு. வேலை நாற்காலியோடு கட்டிப்போடுகிறது. சில்லறை அசைவுகள் சுருங்குகின்றன. பெண்களுக்கு 45 முதல் 55 வயதுக்குள் ஈஸ்ட்ரோஜன் இறங்கும்போது தொடை, இடுப்பில் சேர்ந்த கொழுப்பு வயிற்றுக்குள் சேரத் தொடங்குகிறது. ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் மெல்ல மெல்லக் குறைகிறது. தூக்கம் கெடுகிறது. மாத்திரைகளின் எண்ணிக்கை கூடுகிறது.

இவை எல்லாம் உண்மையான தடைகள். ஆனால் இவற்றில் பலவற்றை நம்மால் மாற்ற முடியும். "வயதாகிவிட்டது, அவ்வளவுதான்" என்று விட்டுவிடுபவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும் என்பதற்காகவே இதை இவ்வளவு நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எடை இறங்கினால் செலவும் இறங்கும்

1958-இல் மேக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற மருத்துவர் ஒரு பவுண்டு எடைக்கு 3,500 கலோரி என்று கணக்கிட்டார். ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 7,700. தினம் 500 கலோரி குறைத்தால் வாரம் அரை கிலோ இறங்கும் என்ற பிரபலமான சூத்திரம் இதிலிருந்து வந்தது. அதை அப்படியே நீட்டினால் ஒரு வருடத்தில் 23, 24 கிலோ இறங்க வேண்டும். நடைமுறையில் யாருக்கும் அப்படி இறங்குவதில்லை.

காரணம் எளிது. சிறிய உடம்புக்குச் செலவும் சிறியது. 80 கிலோவைச் சுமந்து நடந்தவர் இப்போது 72 கிலோவைச் சுமக்கிறார். சாப்பிடுவது குறைந்ததால் செரிமானச் செலவும் குறைகிறது. இதற்கு மேல் உடம்பு தானாகவே கொஞ்சம் சிக்கனம் பிடிக்கிறது. எடை குறைந்தவர்களின் தசைகள் மெதுவான அசைவுகளுக்கு முன்பைவிடக் குறைந்த ஆற்றலையே எடுத்துக்கொள்கின்றன. எல்லாம் சேர்ந்து, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் தினசரிச் செலவு 20 முதல் 30 கலோரி வரை இறங்குகிறது.

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் இருந்த கெவின் ஹால் தன் சகாக்களோடு 2011-இல் லான்செட் இதழில் இதைக் கணித மாதிரியாக்கிக் காட்டினார். அதன்படி, தினசரி உணவில் நிரந்தரமாக 24 கலோரி குறைத்தால் கடைசியில் ஒரு கிலோ இறங்கும். அதில் பாதி முதல் வருடத்திலும், 95 சதவீதம் மூன்று வருடத்திலும் நடக்கும். தினம் 500 கலோரி குறைப்பவருக்கு முதல் வருடம் சுமார் 10 கிலோ. பழைய சூத்திரம் சொன்னதில் பாதிகூட இல்லை.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். செலவு குறைவதால் மட்டும் எடை நிற்கிறது என்றால் அதற்கு மூன்று வருடம் ஆக வேண்டும். பெரும்பாலோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் நின்றுவிடுகிறதே? மெட்டபாலிசத்தின் மேல் பழி போடுபவர்கள் பதில் சொல்ல முடியாத இடம் இதுதான்.

எண் நிற்பதற்குப் பெரிய காரணம்: பசி

2016-இல் ஹாலும் சக ஆய்வாளர்களும் இதற்கு ஒரு நுட்பமான வழியில் விடை தேடினார்கள். சர்க்கரை நோய்க்கான ஒரு வகை மருந்து இரத்தத்தில் உள்ள குளுக்கோஸைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. அதைச் சாப்பிடுபவர் தினம் சில நூறு கலோரியை இழப்பார், ஆனால் இழப்பது அவருக்கே தெரியாது. டயட் இருக்கிறோம் என்ற எண்ணமும் இருக்காது. அப்படி ஒரு வருடம் மருந்து எடுத்தவர்களின் எடை மாற்றத்தை வைத்து, அவர்கள் தங்களை அறியாமல் எவ்வளவு கூடுதலாகச் சாப்பிட்டார்கள் என்று கணக்கிட்டார்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் பசி தினம் ஏறக்குறைய 100 கலோரி அளவுக்குக் கூடியிருந்தது.

ஆக, ஒரு கிலோ குறைந்தால் செலவில் 25 கலோரி இறக்கம், பசியில் 100 கலோரி ஏற்றம். எடையைப் பழைய இடத்துக்கு இழுக்கும் விசைகளில் பசி நான்கு மடங்கு பலமானது.

ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 80 கிலோ எடையுள்ள ஐம்பது வயதுப் பெண். தினசரிச் செலவு 2,100 கலோரி. 500 குறைத்து 1,600 சாப்பிடத் தொடங்குகிறார். சில மாதத்தில் 72 கிலோவுக்கு வந்து அங்கேயே நிற்கிறார்.

1. 8 கிலோ குறைந்ததால் செலவு 200 கலோரி இறங்கி 1,900 ஆகிவிட்டது.

2. எடை நிற்கிறது என்றால் அவர் சாப்பிடுவதும் இப்போது 1,900தான். தொடக்கத்தில் இருந்த 1,600-லிருந்து அவர் அறியாமலே 300 ஏறியிருக்கிறது.

3. ஆனால் பசி 800 கலோரி கூடியிருக்கிறது. பசி கேட்கிறபடி சாப்பிட்டால் 2,900 ஆகும். அவர் 1,900-இல் நிறுத்திக்கொள்கிறார்.

அதாவது, முதல் வாரத்தில் அவர் 500 கலோரி அளவுக்குத் தன்னைக் கட்டுப்படுத்தினார். இப்போது 1,000 கலோரி அளவுக்குக் கட்டுப்படுத்துகிறார், எடையோ இறங்கவில்லை. கட்டுப்பாட்டைக் கூட்டாமல் அதே 500 அளவிலேயே இருந்திருந்தால் 4 கிலோவிலேயே நின்றிருப்பார். இது சராசரிகளை வைத்துப் போட்ட கணக்கு, ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் எடை நின்றுபோன ஒருவரைப் பார்த்து "முன்பு மாதிரி முயற்சி செய்வதில்லை" என்று சொல்வது எவ்வளவு அநியாயம் என்பதற்கு இது போதும்.

இந்தப் பசி எங்கிருந்து வருகிறது? கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் சேமிப்பு போதுமா என்று மூளைக்குச் சொல்கிறது. 1994-இல் கண்டுபிடிக்கப்பட்டது. கொழுப்பு குறைந்தால் லெப்டின் குறையும்; சேமிப்பு கரைகிறது என்று மூளை எடுத்துக்கொள்ளும். வயிற்றில் சுரக்கும் கிரெலின், 1999-இல் அடையாளம் காணப்பட்டது, பசியைத் தூண்டும். எடை குறைந்தால் இது கூடும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் நடந்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், பத்து வாரக் கடும் டயட் முடிந்து ஒரு வருடம் ஆன பிறகும் இந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை, பசி உணர்வும் கூடியே இருந்தது.

அந்த 300 கலோரி எப்படிக் கண்ணில் படாமல் ஏறுகிறது என்பதற்கு 1992-இல் நியூயார்க்கில் நடந்த ஓர் ஆய்வு பதில் சொல்கிறது. "1,200 கலோரிக்கும் குறைவாகச் சாப்பிட்டும் எடை குறையவில்லை" என்று சொன்னவர்களை அழைத்து அளந்து பார்த்தார்கள். அவர்களின் மெட்டபாலிசத்தில் குறை எதுவும் இல்லை. ஆனால் தாங்கள் சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடல் உழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மனிதர்களால் கண்ணளவில் கணக்கிட முடிவதில்லை, அவ்வளவுதான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. ஒரு கைப்பிடி பருப்பு வகைக் கொட்டைகள் 170-க்கு மேல். நின்றுகொண்டே வாயில் போடும் நாலு வாய் கணக்கிலேயே வராது.

பட்டினி நிலை என்பது என்ன?

குறைவாகச் சாப்பிட்டதால்தான் எடை நின்றது, கூடச் சாப்பிட்டால் குறையும் என்ற வாதத்தை இங்கே தீர்த்துவிடலாம். இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் 36 ஆண்களை 24 வாரம் அரைப் பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்களின் ஆற்றல் செலவு பெருமளவு இறங்கியது உண்மை. ஆனால் எடையில் கால் பங்கு போனது. செலவு எவ்வளவு இறங்கினாலும், வரவு அதைவிடக் குறைவாக இருக்கும்வரை எடை குறையாமல் நிற்காது. அவர்களுக்கு உடம்பில் நீர் கோத்துக்கொண்டதால் இடையிடையே எடை குறையாதது போலத் தெரிந்ததும் உண்டு.

மிக வேகமாக, மிக அதிகமாகக் குறைத்தவர்களுக்கு இந்தச் சிக்கன நிலை பல வருடம் நீடிக்கலாம். அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் 30 வாரத்தில் சராசரியாக 58 கிலோ குறைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்துச் சோதித்தபோது, ஓய்வுச் செலவு அவர்களின் உடல் அளவுக்கு எதிர்பார்த்ததைவிடத் தினம் ஏறக்குறைய 500 கலோரி குறைவாக இருந்தது. 2016-இல் வெளியான இந்த முடிவு செய்திகளில் பரவிப் பலரைப் பயமுறுத்தியது. ஏழெட்டுக் கிலோ குறைத்த ஒருவருக்கு அந்த அளவுக்கு நடப்பதில்லை.

என்ன செய்யலாம், எந்த வரிசையில்

தேக்கம் வந்ததும் பெரும்பாலோர் முதலில் செய்வது சாப்பாட்டை இன்னும் குறைப்பது. மேலே உள்ள கணக்கைப் பார்த்தால் அது ஏன் நிலைக்காது என்பது புரியும். ஏற்கெனவே 1,000 கலோரிப் பசியைத் தாங்குபவரிடம் இன்னும் 400 தாங்கச் சொல்கிறோம். சில வாரம் நடக்கும், அப்புறம் உடையும். நடுவயதில் இதற்கு இன்னொரு விலையும் உண்டு: தசை போகும். அதனால் வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது.

1. ஒரு வாரம் மட்டும் உண்மையாக அளந்து பாருங்கள். வாழ்நாள் முழுக்கக் கலோரி எண்ண வேண்டியதில்லை. ஏழு நாள், வார இறுதி உட்பட, சமையலறைத் தராசில் நிறுத்து, எண்ணெய், சர்க்கரை, பானம், மிச்சத்தைத் தின்றது எல்லாவற்றையும் எழுதுங்கள். மது உண்டென்றால் அதையும். மதுவில் உள்ள ஆல்கஹாலுக்குக் கிராமுக்கு 7 கலோரி. ஏறிப்போன 300 கலோரி எங்கே என்று பெரும்பாலும் இந்த வாரத்திலேயே தெரிந்துவிடும். வார நாளில் கட்டுப்பாடு, சனி ஞாயிறில் தளர்வு என்பதுதான் அடிக்கடி கிடைக்கும் விடை. ஐந்து நாளில் சேர்த்த 1,500 கலோரிப் பற்றாக்குறையை இரண்டு விருந்து அழித்துவிடும்.

2. பசியைக் குறைக்கும் உணவுக்கு மாறுங்கள். எதிரி பசி என்றால் மருந்து பசியை அடக்குவதாக இருக்க வேண்டும். இதில் புரதத்துக்கு முதலிடம். அது வயிறு நிறைந்த உணர்வை நீட்டிக்கும், செரிக்கவே அதன் ஆற்றலில் 20 முதல் 30 சதவீதம் செலவாகும், கொழுப்புக்கு அது 3 சதவீதத்துக்குள், தசையையும் காப்பாற்றும். எடை குறைக்கும் நடுவயதுக்காரர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை பரிந்துரைக்கப்படுகிறது. 72 கிலோ உள்ளவருக்கு 85 முதல் 115 கிராம். அதை ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று வேளைக்கும் பிரிக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. அடுத்தது நார்ச்சத்தும் தண்ணீரும் நிறைந்த காய்கறி, பழம், முழுத்தானியம், பயறு. அதே கலோரிக்குத் தட்டு நிறைய வரும்.

உணவின் வடிவமும் முக்கியம். 2019-இல் கெவின் ஹால் நடத்திய ஆய்வில் 20 பேரை ஆய்வகத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் தொழிற்சாலையில் மிகவும் பதப்படுத்தப்பட்ட உணவும் இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார்கள். தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். பதப்படுத்திய உணவு கிடைத்த வாரங்களில் அவர்கள் தினம் ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். தேக்கத்தை உண்டாக்கிய இடைவெளியைவிடப் பெரிய எண் இது. பாக்கெட் உணவைக் குறைப்பது மட்டுமே சிலருக்கு எடையை மறுபடி நகர்த்திவிடும்.

3. எடை தூக்குங்கள். நடுவயதில் இதைத் தள்ளிப்போடவே கூடாது. இதைப் பற்றி ஒரு தவறான வாக்குறுதியும் சுற்றுகிறது: தசை வளர்ந்தால் சும்மா இருக்கும்போதே கலோரி எரியும் என்பது. ஒரு கிலோ தசை ஓய்வில் ஒரு நாளைக்கு எரிப்பது சுமார் 13 கலோரி, கொழுப்பு 4 அல்லது 5. இரண்டு கிலோ தசை சேர்த்தாலும் கிடைப்பது ஒரு வாய் உணவு. எடைப் பயிற்சி ஏன் வேண்டும் என்றால் வேறு காரணங்களுக்காக. உணவைக் குறைத்து மட்டும் எடை இழக்கும்போது போகும் எடையில் கால் பங்கு வரை தசையாகவும் மற்றத் திசுக்களாகவும் இருக்கலாம். வாரம் இரண்டு மூன்று நாள் எடைப் பயிற்சி செய்தால் அந்தப் பங்கு குறையும். போவது கொழுப்பாக இருக்கும். இரத்தச் சர்க்கரையை வாங்கி வைத்துக்கொள்ளும் பெரிய கிடங்கும் தசைதான். எழுபது வயதில் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவதும் இப்போது காப்பாற்றும் தசையில்தான் இருக்கிறது. ஜிம் கட்டாயம் இல்லை. உட்கார்ந்து எழுவது, சுவரிலோ தரையிலோ தள்ளி எழுவது, ரப்பர் பட்டை இழுப்பது போதும். ஆனால் வாரங்கள் போகப் போகக் கடினம் கூட வேண்டும். தொடங்கிய முதல் சில வாரம் தசையில் நீர் சேர்ந்து எடை கொஞ்சம் ஏறலாம். அதைப் பார்த்து நிறுத்திவிட வேண்டாம்.

4. அசைவைத் திரும்பப் பிடியுங்கள். எடை குறைப்பவர்கள் தங்களை அறியாமலே குறைவாக நடமாடத் தொடங்குகிறார்கள். காலையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு நாள் முழுக்க உட்கார்ந்துவிடுவதும் இதில் சேர்த்தி. ஜேம்ஸ் லெவைன் 1999-இல் வெளியிட்ட ஆய்வில் 16 பேருக்கு எட்டு வாரம் தினம் 1,000 கலோரி கூடுதலாக ஊட்டினார்கள். ஒருவருக்கு அரை கிலோவுக்கும் குறைவாகக் கொழுப்பு சேர்ந்தது, இன்னொருவருக்கு 4 கிலோவுக்கு மேல். வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம் சில்லறை அசைவுகள். மொபைலில் காலடி எண்ணிக்கை பதிவாகும் என்றால், எடை குறைந்துகொண்டிருந்த மாதங்களின் சராசரியையும் இப்போதைய சராசரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். குறைந்திருந்தால் முதலில் அதை மீட்க வேண்டும். கூடுதலாக அரை மணி நேர வேக நடை 100 முதல் 150 கலோரி வரை செலவாக்கும்.

5. தூக்கத்தைச் சரிசெய்யுங்கள். சிகாகோ பல்கலைக்கழகம் 2010-இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், எடை கூடிய பத்து நடுவயதுக்காரர்கள் ஒரே மாதிரிக் குறைந்த உணவோடு இரண்டு வாரம் எட்டரை மணி நேரமும், இன்னொரு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் படுக்கையில் இருந்தார்கள். இறங்கிய எடை ஏறக்குறைய சமம். ஆனால் நன்றாகத் தூங்கியபோது 1.4 கிலோ கொழுப்பு போனது, தூக்கம் குறைந்தபோது 0.6 கிலோதான், மீதி தசை முதலிய மற்றத் திசுக்கள். குறட்டை பலமாக விட்டு, பகலெல்லாம் தூக்கம் வருகிறது என்றால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

6. மருந்துப் பட்டியலைப் பாருங்கள். இன்சுலின், சில சர்க்கரை மாத்திரைகள், ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட், இரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் தரும் சில பீட்டா பிளாக்கர்கள் எடையைக் கூட்டக்கூடியவை. நீங்களாக எதையும் நிறுத்தக் கூடாது. "இதற்கு எடை கூட்டாத மாற்று உண்டா?" என்று மருத்துவரிடம் கேட்கலாம். சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல் சேர்ந்து இருந்தால் தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளலாம்.

7. தேவைப்பட்டால் ஓய்வு எடுங்கள். மாதக்கணக்கில் டயட் இருந்து களைத்துப்போனவர், இரண்டு வாரம் எடை ஏறாத அளவுக்குச் சாப்பிட்டுவிட்டு மறுபடி தொடங்கலாம். ஆஸ்திரேலியாவில் உடல் பருமன் உள்ள 51 ஆண்களிடம் செய்த ஆய்வில், இரண்டு வாரம் டயட், இரண்டு வாரம் ஓய்வு என்று மாற்றி மாற்றிச் செய்தவர்களுக்குத் தொடர் டயட்டைவிட அதிகம் குறைந்தது. பின்னர் வந்த எல்லா ஆய்வுகளிலும் அதே பலன் கிடைக்கவில்லை. அதனால் மெட்டபாலிசத்தை மீட்கும் வித்தையாக இதை நினைக்காமல், மனதுக்கும் பழக்கத்துக்கும் கிடைக்கும் இடைவேளையாக எடுத்துக்கொள்வதே சரி.

ஏழையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டாம். முதல் இரண்டில் பெரும்பாலோருக்கு விடை கிடைத்துவிடும். மூன்றாவது எடை நின்றாலும் நகர்ந்தாலும் தொடர வேண்டியது.

ஊசி மருந்து போட்டாலும் நிற்குமா?

நிற்கும். எடை குறைக்கப் போடும் ஊசி மருந்துகளில் ஒன்றான செமக்ளூடைட்டின் முக்கியப் பரிசோதனை ஒன்றின் முடிவு 2021-இல் வெளியானது. 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்தது, ஆனால் கடைசி வாரங்களில் வரைகோடு தட்டையாகியிருந்தது. இந்த மருந்துகள் பசியின் இழுப்பைத் தளர்த்துகின்றன, அதனால் தேக்கம் தள்ளிப்போகிறது, இன்னும் கீழே உள்ள எடையில் வருகிறது. வரவும் செலவும் சமமாகும் புள்ளி அங்கேயும் உண்டு. வயிற்றுச் சுருக்க அறுவை சிகிச்சைக்குப் பிறகும் இதே கதைதான். மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்துத் திடீரென நிறுத்தினால், அடங்கியிருந்த பசி திரும்ப வந்து எடையும் ஏறுவதைத்தான் பார்க்கிறோம்.

இன்னும் குறைக்கத்தான் வேண்டுமா?

இதை மருத்துவரோடு உட்கார்ந்து கேட்க வேண்டும். அமெரிக்காவில் 3,234 பேரை வைத்து நடந்து 2002-இல் வெளியான சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வு நிர்ணயித்த இலக்கு வெறும் 7 சதவீத எடைக் குறைப்பும் வாரம் 150 நிமிட உடல் உழைப்பும்தான். சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. 80 கிலோவில் 7 சதவீதம் என்றால் ஐந்தரை கிலோ. நம் உதாரணத்தில் வந்த பெண் அதைத் தாண்டிவிட்டார். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு அளவுகள் இறங்கி, இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்கும் கீழே வந்திருந்தால், 72 கிலோவிலேயே இருந்துகொள்வது அவருக்கு முழுமையான இலக்காக இருக்கலாம்.

இருந்துகொள்வதும் வேலைதான். 1994-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு பதிவேடு, 13.6 கிலோவுக்கு மேல் குறைத்து ஒரு வருடமாவது அதைக் காத்தவர்களைத் தொடர்ந்து கவனித்துவருகிறது. அவர்களில் பெரும்பாலோர் தினம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் உடல் உழைப்பில் இருக்கிறார்கள். முக்கால்வாசிப் பேர் வாரம் ஒரு முறையாவது எடை பார்க்கிறார்கள். ஒருவர் தன் எடைக்கு மேல் இரண்டு கிலோவில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டு, ஏழு நாள் சராசரி அதைத் தொட்டால் மறுபடி ஒரு வாரம் அளந்து எழுதத் தொடங்கலாம்.